டாங்கிளை எங்கே செருகுவது?

கொச்சி மட்டாஞ்சேரியின் கொச்சங்காடிப் பக்கம் பல வீடுகளில் ஒரு பழைய டெஸ்க்டாப் இன்னும் உயிரோடு இருக்கிறது. பிள்ளை கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியதாக இருக்கும். பிள்ளை வேலைக்குப் போனபின் கடைக் கணக்குக்கும், படம் பார்க்கவும், பேரக்குழந்தைகளின் ஆன்லைன் வகுப்புக்கும் ஓடுகிறது. அதில் புளூடூத் கிடையாது. ஆனால் வீட்டில் இருக்கும் ஹெட்செட்டும் ஸ்பீக்கரும் புளூடூத்தில்தான் பேசுகின்றன. எர்ணாகுளம் பென்டா மேனகா கடைவளாகத்தில் சில நூறு ரூபாய் கொடுத்தால் இந்தக் குறை தீரும். விரல் நுனி அளவில் ஒரு டாங்கிள் கிடைக்கும். யூஎஸ்பி துளையில் செருகினால் போதும்.

செருகியபின் ஒரு புதிர் தொடங்குகிறது. சிபியு பெட்டியின் பின்பக்கம் செருகினால் பாட்டு விட்டு விட்டு வருகிறது. கேட்பவர் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்தாலே அறுந்துபோகிறது. அதே டாங்கிளை முன்பக்கத் துளைக்கு மாற்றினால் பக்கத்து அறை வரை ஒழுங்காகப் பாடுகிறது. கணினியும் ஹெட்செட்டும் பாட்டும் மாறவில்லை. டாங்கிள் இரண்டடி நகர்ந்தது, அவ்வளவுதான். கடையில் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "சேட்டா, இது 4.0. 5.3 எடுத்தா எல்லாம் சரியாயிடும்."

சரியாகுமா? அதைச் சொல்ல, டாங்கிளின் பிளாஸ்டிக் கூட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

உள்ளே இருப்பவை மிகக் கொஞ்சம். ஒரு சில்லு, நேரம் தவறாமல் துடிக்கும் ஒரு படிகம், கடுகைவிடச் சிறிய சில மின்தேக்கிகள், பலகையின் ஓரத்தில் வளைந்து நெளிந்து ஓடும் ஒரு செம்புக் கோடு. அந்தச் செம்புக் கோடுதான் ஆன்டெனா. அது ஏன் நேராக ஓடவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. புளூடூத் அலை விநாடிக்கு ஏறத்தாழ 240 கோடி முறை அதிர்கிறது, இதைத்தான் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்கிறோம். ஒளியின் வேகத்தில் ஓடும் அலை ஒரு முறை அதிர்வதற்குள் கடக்கும் தூரம், அதாவது அலைநீளம், சுமார் 12.5 சென்டிமீட்டர். எளிய ஆன்டெனா நன்றாக வேலை செய்ய அதில் கால்பங்கு, சுமார் 3 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். டாங்கிளின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியே ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. அதனால் கோட்டை மடித்து அடக்குகிறார்கள். மடிக்க மடிக்க ஆன்டெனாவின் திறன் குறையும். விலை மலிவும் உருவச் சிறுமையும் கேட்கும் முதல் விலை இது.

இந்தச் சின்ன ஆன்டெனா இறங்கியிருக்கும் களமும் லேசானதல்ல. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை யாருக்கும் தனிச்சொத்து இல்லை. வானொலிக்கும் கப்பலுக்கும் விமானத்துக்கும் அலைக்கற்றையைப் பங்கிட்ட 1947-ஆம் ஆண்டு அட்லாண்டிக் சிட்டி மாநாட்டில், தொழிற்சாலை, அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென்று சில பட்டைகள் ஒதுக்கப்பட்டன. பின்னாளில் மைக்ரோவேவ் அடுப்பு குடியேறியது இங்கேதான். அடுப்பின் இரைச்சலைப் பொறுத்துக்கொள்வதானால் உரிமம் இல்லாமலே இங்கே தகவலும் அனுப்பலாம் என்று 1985-இல் அமெரிக்கா கதவைத் திறந்தது. இந்தியாவில் 2005 ஜனவரியில் வந்த மத்திய அரசு விதி, 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரை குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்றது. வைஃபை, புளூடூத், கம்பியில்லா மவுஸ் எல்லாம் இன்று ஒரே வீட்டில் அந்த ஒரே பட்டைக்குள் நெரிகின்றன.

இந்த நெரிசலில் ஒரு பாட்டு எப்படிச் சிதறாமல் போய்ச் சேர்கிறது? சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் 1994-இல் புளூடூத்துக்கான வேலையைத் தொடங்கிய யாப் ஹார்ட்சென் முதலிய பொறியாளர்கள் இதற்கு எடுத்துக்கொண்ட வழி, ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பது. பட்டையை ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸாக 79 தடங்களாகப் பிரித்தார்கள். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் வரிசையாக 79 கிடங்குக் கதவுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சரக்கு கொடுப்பவர், எடுப்பவர் இருவர் கையிலும் ஒரே பட்டியல்: முதலில் 14-ஆம் கதவு, பிறகு 62, பிறகு 3. மணி அடித்ததும் இருவரும் அந்தக் கதவில் நிற்பார்கள். ஒரு மூட்டை கைமாறும். அடுத்த மணிக்கு அடுத்த கதவு. ஒரு கதவை லாரி மறித்துக்கொண்டு நின்றால் அந்த ஒரு மூட்டை மட்டும் தவறும். அதை அடுத்த கதவில் கொடுத்துவிடலாம். புளூடூத்தில் இந்த மணி 625 மைக்ரோவிநாடிக்கு ஒருமுறை அடிக்கிறது. அதிகபட்சமாக விநாடிக்கு 1600 தாவல்கள். இதை அதிர்வெண் தாவல் எனலாம்.

இந்த எண்ணம் புளூடூத்தைவிட மூத்தது. ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலும் 1942 ஆகஸ்டில் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை, எதிரி குழப்ப முடியாதபடி டார்பிடோவை வானொலியால் செலுத்துவதற்கு இதே தாவலைச் சொன்னது. தானே வாசிக்கும் பியானோக்களில் ஓடும் துளையிட்ட காகிதச் சுருளால் 88 அதிர்வெண்களுக்கிடையே தாவுவது அவர்கள் திட்டம். அன்று கடற்படை அதைப் பயன்படுத்தவில்லை.

வெறும் தாவல் மட்டும் போதவில்லை. ஒரு வைஃபை அலைவரிசை சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் கொண்டது. அதாவது 79-இல் ஏறக்குறைய 20 கதவுகளை மணிக்கணக்கில் அடைத்துக்கொண்டு நிற்கும் லாரி. ஒவ்வொரு சுற்றிலும் அங்கே போய் முட்டிக்கொண்டு திரும்புவது வீண். 2003-இல் வந்த புளூடூத் 1.2 இதற்கு ஒரு திருத்தம் சொன்னது. எந்தக் கதவுகளில் அடிக்கடி மூட்டை தவறுகிறது என்று கவனித்து, இரு பக்கமும் பேசிவைத்துப் பட்டியலிலிருந்து அவற்றை அடித்துவிட வேண்டும். குறைந்தது 20 கதவுகளாவது மிஞ்ச வேண்டும் என்பது விதி. இதைத் தகவமைத் தாவல் என்று சொல்லலாம். பக்கத்து வீட்டு வைஃபைக்கள் 1, 6, 11 ஆகிய மூன்று அலைவரிசைகளிலும் ஓடினால் பட்டையின் பெரும்பகுதி நிரம்பிவிடும். அப்போதும் மிச்சமிருக்கும் இடுக்குகளில் புளூடூத் தப்பிப் பிழைக்கிறது. நெருக்கமான தெருக்களில் அது ஓரளவு வேலை செய்வதே இந்தத் திருத்தத்தால்தான்.

அப்படியானால் வைஃபை இல்லாத வீட்டிலும் பின்பக்க டாங்கிள் ஏன் திணற வேண்டும்?

இதற்கு விடை தேடியவர்களில் இன்டெல் நிறுவனத்தின் பொறியாளர்களும் உண்டு. யூஎஸ்பி 3.0 வந்தபின் கம்பியில்லா மவுஸ்கள் சண்டித்தனம் செய்வதாகப் புகார்கள் எழுந்தன. அவர்கள் 2012 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் காரணத்தை அளந்தே காட்டினார்கள். யூஎஸ்பி 3.0 கம்பியில் தகவல் விநாடிக்கு 500 கோடி பிட் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் மாறும் மின்னோட்டம் தன் ஆற்றலைப் பரந்த அதிர்வெண் பரப்பில் சிதறவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸும் அந்தப் பரப்புக்குள் வருகிறது. துளையிலிருந்தும் இணைப்பியிலிருந்தும் மறைப்பு சரியில்லாத கம்பியிலிருந்தும் அது கசிகிறது. யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் அருகிலிருந்த ஆன்டெனாவில் இரைச்சல் ஏறத்தாழ 20 டெசிபெல் உயர்ந்தது. டெசிபெல் கணக்கில் 20 என்றால் 100 மடங்கு.

டாங்கிளின் காதுக்கு இது எவ்வளவு பெரிய கூச்சல் என்பது ஒரு விதியிலிருந்து தெரியும். ஒரு வாட்டின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு வலு மட்டுமே உள்ள குறிப்பையும் எந்தப் புளூடூத் ஏற்பியும் படித்தாக வேண்டும் என்று தர விதி சொல்கிறது. அவ்வளவு மெல்லிய குரலைக் கேட்க வேண்டிய ஆன்டெனாவை, கசியும் துளையை ஒட்டியே செருகுகிறோம். பாட்டு டாங்கிளிலிருந்து ஹெட்செட்டுக்குத்தானே போகிறது, டாங்கிள் கேட்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஹெட்செட் 'வந்தது' என்று பதில் அனுப்புகிறது. இரைச்சலில் அந்தப் பதில் மூழ்கினால், போய்ச் சேர்ந்த பொட்டலத்தையே டாங்கிள் மறுபடி மறுபடி அனுப்பும். ஹெட்செட் முன்கூட்டியே சேர்த்துவைத்திருக்கும் ஒரு விநாடிக்கும் குறைவான பாட்டு அதற்குள் தீர்ந்துபோகும். காதில் விழும் அறுப்பு அதுதான்.

தகவமைத் தாவல் இங்கே ஏன் கைகொடுக்கவில்லை என்பதும் இப்போது தெளிவு. வைஃபை சில கதவுகளை மட்டும் மறிக்கிறது. யூஎஸ்பி 3.0 இரைச்சலோ பஜார் ரோடு முழுக்க ஒரே நேரத்தில் இறங்கும் இடவப்பாதி மழை. எந்தக் கதவுக்கு ஓடினாலும் மூட்டை நனையும். மழை இல்லாத இடத்துக்கு நகர்வது ஒன்றே வழி.

நகர்வதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. சிபியு என்று நாம் சொல்லும் பெட்டி இரும்புத் தகட்டால் ஆனது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை அதை ஊடுருவாது. மேசைக்கு அடியில், சுவரைப் பார்த்தபடி, பத்துக் கம்பிகளுக்கு நடுவே இருக்கும் பின்பக்கத் துளையிலிருந்து அலை எங்கெங்கோ மோதித் திரும்பித்தான் ஹெட்செட்டுக்கு வர வேண்டும். இன்னொன்று தண்ணீர். இந்த அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். மனித உடலில் பெரும்பகுதி தண்ணீர். நாற்காலியில் திரும்பி உட்கார்ந்ததும் பாட்டு நின்றதற்குக் காரணம், ஹெட்செட்டின் ஆன்டெனாவுக்கும் டாங்கிளுக்கும் நடுவே தலையும் தோளும் வந்து நின்றதுதான். பழைய கொச்சி வீடுகளின் தடித்த வெட்டுக்கல் சுவர்கள் மழைக்காலத்தில் ஈரம் ஊறி நிற்பவை. முற்றம் தாண்டி அடுக்களை வரை பாட்டு வர வேண்டும் என்றால் அவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதையெல்லாம் சொல்கேள்வியாக நம்ப வேண்டியதில்லை. வீட்டிலேயே சோதிக்கலாம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்ற ஒழுங்கு இருந்தால் போதும். நீல நிற யூஎஸ்பி 3.0 துளையுள்ள கணினியில் டாங்கிளையும் வெளி ஹார்ட் டிஸ்க்கையும் அடுத்தடுத்துச் செருகி, பெரிய சினிமாக் கோப்பு ஒன்றை நகலெடுக்கவிட்டுப் பாட்டைக் கேளுங்கள். பிறகு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். மறுபடி அதைச் செருகி, இம்முறை டாங்கிளை மட்டும் அரை மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்புக் கம்பியின் முனையில் மேசைமேல் வைத்துக் கேளுங்கள். குற்றவாளி யாரென்று மூன்றாவது பாட்டுக்குள் தெரிந்துவிடும்.

பழைய கணினிக்கு இதில் ஒரு அனுகூலம் இருக்கிறது. யூஎஸ்பி 3.0 தரம் வெளியானதே 2008 நவம்பரில். அதன்பின் பல ஆண்டுகள் வரை மலிவு விலைத் தாய்ப்பலகைகளில் யூஎஸ்பி 2.0 துளைகள் மட்டுமே இருந்தன. அந்தப் பெட்டிகளில் 3.0-இன் கசிவு என்ற பேச்சே இல்லை. வேகம் போதுமா என்ற கவலையும் வேண்டாம். சாதாரணப் புளூடூத் பாட்டு, எஸ்பிசி என்ற குறுக்க முறையில் விநாடிக்குச் சுமார் 328 கிலோபிட் அளவில்தான் போகிறது. யூஎஸ்பியின் ஆதிகால வேகமே விநாடிக்கு 12 மெகாபிட்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பற்றிய பேச்சுக்கும் இதே கணக்கு பொருந்தும். புளூடூத் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வானொலி முறைகள் குடியிருக்கின்றன. ஒன்று, 79 தடங்களில் ஓடும் பழைய முறை. மற்றது, 2010-இல் 4.0 கொண்டுவந்த குறைசக்தி முறை. அது 40 தடங்களில் ஓடுகிறது, கைக்கடிகாரம், உடல்நலப் பட்டை போன்றவற்றுக்காகப் பிறந்தது. 2016 டிசம்பரில் வந்த 5.0 'இரட்டிப்பு வேகம், நான்கு மடங்கு தூரம்' என்று சொன்னது இந்த இரண்டாவது முறைக்குத்தான், அதுவும் கட்டாயமில்லாத வசதிகளாக. ஸ்பீக்கருக்குப் பாட்டு அனுப்பும் வேலை பெரும்பாலும் இன்றும் முதல் முறையில் நடக்கிறது. அதன் வேகம் 2004-இல் வந்த 2.0-லேயே விநாடிக்கு 3 மெகாபிட் வரை உயர்ந்துவிட்டது. 4.0 டாங்கிளும் 5.3 டாங்கிளும் அதே பழைய ஸ்பீக்கருக்குப் பாடினால், எண் மாறியதற்காக ஒலி மாறாது. இரண்டாவதில் ஆன்டெனா நன்றாக இருந்தால் மாறும். அதை எந்தப் பெட்டியும் அச்சிடுவதில்லை.

ஆன்லைன் வகுப்பு தொடங்கியதும் ஹெட்செட்டின் ஒலி பழைய தொலைபேசிபோல் கரகரத்துப் போவதற்கும் டாங்கிள்மேல் பழி விழுகிறது. அது டாங்கிளின் கோளாறல்ல. பாட்டு அனுப்பும் முறை ஒருவழிப் பாதை. மைக் வேண்டும் என்றதும் கணினி இருவழி அழைப்பு முறைக்கு மாறுகிறது. தொலைபேசிப் பேச்சுக்காக வகுத்த அந்த முறை ஒலியை விநாடிக்கு 8,000 முறை, கொஞ்சம் மேம்பட்ட வகையில் 16,000 முறை மட்டுமே அளவெடுக்கிறது. பாட்டுக்கு இந்த எண் வழக்கமாக 44,100. இதற்கு மாற்றாக எல்இ ஆடியோ என்ற புதிய முறை 2020-இல் அறிவிக்கப்பட்டது. டாங்கிள், ஹெட்செட், இயங்குதளம் மூன்றும் அதை அறிந்திருந்தால்தான் பலன். பழைய டெஸ்க்டாப்பில் அதுவரை எளிய வழி, மைக்குக்கு மட்டும் தனியாக ஒரு கம்பி மைக்கைச் செருகிக்கொள்வது.

இடத்துக்கு அடுத்தபடி கவனிக்க வேண்டியது சில்லு யாருடையது என்பது. பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் சிலிக்கன் ரேடியோ, சுருக்கமாகச் சிஎஸ்ஆர், மலிவு டாங்கிள்களின் உலகில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தது. 2015-இல் குவால்காம் அதை வாங்கிவிட்டது. ஆனால் சிஎஸ்ஆரின் அடையாள எண்ணைச் சொல்லிக்கொள்ளும் டாங்கிள்கள் இன்னும் குவிந்துகொண்டே இருக்கின்றன. பிரபலமான எண்ணைச் சூடிக்கொண்டால் எந்தக் கணினியும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் என்பது போலித் தயாரிப்பாளர்களின் கணக்கு.

இவற்றைப் பிடிப்பது எப்படி? லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலை (கெர்னலை) எழுதுபவர்கள் கண்ட வழி ரசமானது. டாங்கிள் செருகப்பட்டதும் கருநிரல் அதனிடம் 'உன் விவரம் சொல்' என்று கேட்கிறது. பதிலில் தயாரிப்பாளர் எண்ணும் பதிப்பு எண்களும் வரும். அசல் சிஎஸ்ஆர் சில்லு தயாரிப்பாளர் எண் 10 என்று சொல்லும். பதிலின் இரு வேறு இடங்களில் வரும் இரண்டு உட்பதிப்பு எண்களும் ஒன்றாகவே இருக்கும். போலிகள் இதில் தடுமாறுகின்றன. சில வேறு தயாரிப்பாளர் எண்ணை உளறிவிடுகின்றன. சிலவற்றில் இரண்டு எண்களும் ஒத்துப்போவதில்லை. இந்தச் சோதனை 2020-இல் விரிவாகக் கருநிரலில் சேர்ந்தது. போலி என்று தெரிந்ததும் கருநிரல் அதைத் துரத்திவிடுவதில்லை. 'தெரியும்' என்று தலையாட்டிவிட்டுச் செய்யாமல் விடும் கட்டளைகளை அதனிடம் கேட்காமல் தவிர்த்து, முடிந்தவரை வேலை வாங்கிக்கொள்கிறது. கேரளப் பள்ளிக் கணினிகளில் கைட் நிறுவனம் தரும் இயங்குதளம் ஓடுவதும் லினக்ஸ் கருநிரலின்மேல்தான்.

சில்லு அசலானாலும் டாங்கிள் ஒரு வானொலி மட்டுமே. யாரோடு இணைவது, எப்படிப் பாடுவது என்ற மூளைவேலையில் பெரும்பகுதி இயங்குதளத்துக்குள் நடக்கிறது. கணினியைப் போட்டதும் வரும் பயாஸ் திரையில் புளூடூத் விசைப்பலகை வேலை செய்யாததற்கு இதுவே காரணம். அந்த நிமிடத்தில் இயங்குதளம் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஆகவே கம்பியுள்ள ஒரு பழைய கீபோர்டைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது நல்லது. விண்டோஸ் 7-க்குக் குறைசக்திப் புளூடூத் தெரியாது. அது விண்டோஸ் 8-இல்தான் வந்தது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-இன் நிபந்தனைகளைப் பத்தாண்டுப் பழைய பெட்டி தாண்டாது. அங்கே லினக்ஸ் போட்டால் புளூஸ் என்ற மென்பொருள் புளூடூத்தைக் கவனித்துக்கொள்ளும். 2001 முதல் கருநிரலோடு வருவது அது.

டாங்கிள் வாங்கப் போகிறவர்கள் பெட்டியிலுள்ள எண்ணைவிடக் கணினியின் துளைகளை முதலில் பாருங்கள். முன்பக்கத்தில் கறுப்பு யூஎஸ்பி 2.0 துளை இருந்தால் அதுவே சிறந்த இடம். இல்லையென்றால் அரை மீட்டரோ ஒரு மீட்டரோ நீளமுள்ள நீட்டிப்புக் கம்பியைச் சேர்த்து வாங்கி, டாங்கிளை இரும்புப் பெட்டியைவிட்டு மேசைமேல் கொண்டுவாருங்கள். தாய்ப்பலகையில் ஏற்கெனவே புளூடூத் இருந்தால் அதை நிறுத்திவிட்டுச் செருகுங்கள். விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒரு புளூடூத் வானொலியைத்தான் ஏற்கும். லினக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் சில்லின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். பெயர் சொல்லத் தெரியாத கடையென்றால், வேலை செய்யாவிட்டால் மாற்றித் தருவதாகப் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.